அப்பாவின் குரலை எவ்வளவு இறக்குவது

அன்பு மகன் கண்ணனுக்கு,

சுகம் விசாரிப்பதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே முடித்துவிட்டோம். சாப்பிட்டாயா, குளிருக்கு உடுப்புப் போட்டாயா என்று இங்கேயும் கேட்டு உன் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. நீ கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது, விசா கிடைக்கவில்லை என்று ஆகிவிட்டது. அம்மா வராவிட்டாலும் அப்பாவின் குரலாவது அங்கே கேட்க வேண்டும் என்று நீ ஆசைப்படுகிறாய். தாலி கட்டி முடிந்ததும் அப்பாவின் கசெற்றை மண்டபத்தில் போடப் போவதாகச் சொன்னாய். பாட்டுப் பதிவு செய்யும் இடத்தில் வேலை பார்க்கும் உன் சினேகிதன் அந்தக் கீச்சுக் குரலைக் கொம்பியூட்டரில் போட்டு இறக்கித் தருவானாம். எவ்வளவு இறக்குவது என்பதுதான் அவனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. "அப்பாட உண்மையான குரல் எவ்வளவு தடிப்பு அம்மா? நீங்கதான் சொல்லோணும்" என்றாய். நான் வாயைத் திறக்கவும் உன் போன் கார்ட் முடிந்து லைன் அறுந்துவிட்டது. அதுவும் நல்லதாகப் போயிற்று. கதைக்கத் தொடங்கியிருந்தால் அழுதிருப்பேன், நீயும் அந்தப் பதிவே வேண்டாம் என்று விட்டிருப்பாய்.

இவ்வளவு சின்ன வயதில் கல்யாணமா என்று முதலில் நான் குதித்த குதியை நீ மறந்திருக்க மாட்டாய். இப்போது கோபம் இல்லை. அந்தப் பிள்ளை போனில் "மாமி" என்று கூப்பிட்டபோதே பாதிக் கோபம் போய்விட்டது. அவள் குரலில் ஒரு சின்னக் கரகரப்பு இருக்கிறது. மினுக்காத குரல். அப்படிக் குரல் உள்ளவர்களுக்குப் பொய் சொல்ல வராது என்பது என் கணிப்பு. நீ சிரிப்பாய், சிரி. மற்றவர்கள் ஆட்களை முகத்தைப் பார்த்து எடை போடுவார்கள், எனக்குக் காதுதான். வெள்ளவத்தைக் கசெற் கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்த காலம் எனக்குக் கொடுத்த வியாதி அது.

உன்னை நாலு வயதில் இடுப்பில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தபோது எனக்கு ஒரு தொழிலும் தெரியாது. உன் அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி. சண்டைக்குப் பயந்து டொக்டர்மாரே ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம். "நானும் வந்தால் மருந்து குடுக்க ஆள் இல்லை. நீர் பிள்ளையோட முன்னுக்குப் போம், நான் பிறகு வாறன்" என்றார். அந்தப் பிறகு வரவேயில்லை. பாதை பூட்டினார்கள், கரண்ட் போயிற்று, கடிதமே மாதக்கணக்கில் பிந்தி வந்தது. நான் வெள்ளவத்தை காலி வீதியில் அந்த ரெக்கோர்டிங் பாரில் வேலைக்குச் சேர்ந்தேன். சனம் தங்களுக்கு விருப்பமான பாட்டுகளைத் துண்டில் எழுதிக்கொண்டு வருவார்கள், நாங்கள் தேடியெடுத்து ஒரு கசெற்றில் பதிந்து கொடுப்போம். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து மேசைக்குக் கீழே படுத்து நித்திரை கொள்வாய். உன் தலைக்கு மேலே உலகத்துப் பாடகர்கள் எல்லாம் பாடிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பிடித்த பதிவுகளை மட்டும் சேர்த்து ஒரு தனிக் கசெற் வைத்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? "இதில என்னம்மா இருக்கு, ஒரே இரைச்சல்" என்பாய். அந்த இரைச்சலுக்குள்தான் எல்லாம் இருந்தது. அதிலே ஒரு பழைய பாடகி, இரண்டாம் சரணம் தொடங்க முன் மூச்சை உள்ளே இழுப்பது கேட்கும். அந்த மூச்சைக் கேட்டதும் அடுத்த வரிக்காக எனக்கும் நெஞ்சு விரியும். அதே பாட்டைப் பிறகு புதிதாகப் பதிந்து விட்டார்கள், மூச்சையெல்லாம் துடைத்துவிட்டு. குரல் பளபளவென்று இருந்தது, ஆனால் பாடுகிற பெண்ணைக் காணவில்லை. இன்னொன்று கோயில் திருவிழாவில் பதிந்தது. வயதான ஓதுவார் ஒருவர் உச்சத்தில் ஏறும்போது குரல் உடைகிறது. வேறு யாராவது என்றால் இருமி மறைத்திருப்பார்கள். அவர் அந்த உடைந்த குரலிலேயே நின்று நிதானமாக அடுத்த சொல்லுக்குப் போவார். எத்தனை தரம் கேட்டாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும். அரிசியை இரண்டு தண்ணீரில் களைந்தால் போதும், ஆறு தண்ணீரில் களைந்தால் சோற்றில் ருசி இராது. குரலும் அப்படித்தான் என்று வாடிக்கைக்காரர்களோடு வாதாடி முதலாளியிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய பதிவு கொட்டாஞ்சேனையில் நாங்களே எடுத்தது. அங்கே ஒரு தேவாலயத்துப் பாடகர் குழு தங்கள் தவக்காலப் பாட்டுகளைப் பதிந்து தரக் கேட்டிருந்தார்கள். முதலாளியும் நானும் நீயும் மெஷினைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். வழியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தபோது பொலிஸ்காரன் மைக்கைத் தூக்கிப் பிடித்து "மே மொகத்த?" என்றான், இது என்ன என்று. பாட்டுப் பாடுகிற சாமான், மஹத்தயா, என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "எஹெனங் கியன்ன" என்றான். அப்படியானால் பாடிக் காட்டு என்று. நடுரோட்டில், முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ஒரு வரி பாடினேன். நீ வெட்கத்தில் முதலாளியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அவன் சிரித்துப் போக விட்டான். என் குரலுக்குக் கிடைத்த ஒரே மேடை அது.

தேவாலயத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் கத்திப் பழகிய தொண்டைகள். பாட்டு மாஸ்டர் "அண்ணன்மார் எல்லாம் பின்னுக்குப் போங்க, மைக் பயந்திரும்" என்று அவர்களைச் சுவரோடு நிறுத்தினார். அந்தத் தூரம்தான் அந்தப் பதிவை அப்படி ஆக்கியது. பெண்களின் குரல் முன்னால் மெழுகுதிரி போல நிற்க, பின்னாலிருந்து ஆண்களின் குரல் கூரையில் பட்டு இறங்கி வந்தது. அதிலே ஒரு தடித்த குரல் மட்டும் ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தது. எங்கள் முதலாளிக்குப் பொறுக்கவில்லை, திரும்பப் பதிவோம் என்றார். மாஸ்டர் மறுத்துவிட்டார். "அவர் எப்பவும் அப்பிடித்தான். அவர் பிந்தாட்டி அது எங்கட பாட்டு இல்ல" என்றார். அன்றைக்கு அது எனக்கு ஒரு பகிடியாக மட்டும் பட்டது.

இனி அப்பாவின் கசெற்றுக்கு வருகிறேன். உனக்கு ஏழு வயது இருக்கும். அப்பாவோடு ஆஸ்பத்திரியில் நேர்ஸாக வேலை செய்த புவனேஸ்வரி மிஸ்ஸி எப்படியோ பாதை கடந்து கொழும்புக்கு வந்து, கைப்பையின் அடியிலிருந்து அதை எடுத்துத் தந்தா. அங்கே கரண்டும் இல்லை, பற்றறியும் கொண்டுபோக விடமாட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் கரண்டில்தான் ரேடியோவே கேட்பார்கள். கசெற்றில் பதிந்ததும் அப்படித்தான். பெடல் மெதுவாகச் சுற்றினால் கசெற்றும் மெதுவாக ஓடும். அப்படிப் பதிந்ததை இங்கே ஒழுங்கான கரண்டில் போட்டால் எல்லாம் வேகமாக, கீச்சென்று வரும். இதெல்லாம் பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது. அன்றைக்கு நமக்கு என்ன தெரியும்? விளக்கேற்றி, சாமி படத்துக்கு முன்னால் உன்னை உட்கார வைத்து, கசெற்றைப் போட்டேன். "இஞ்சாரும், நான் சுகமா இருக்கிறன்" என்று ஒரு கிளிக்குரல் வந்தது. நீ என்னைப் பார்த்தாய். "அம்மா, இது ஆர்? பெட்டைக் குரல்!" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குசினிக்குள் போய் அழுதேன்.

"நீர் பயப்பட வேண்டாம். தம்பிக்கு இருமல் எண்டால் கண்ட கண்ட சிரப் எல்லாம் குடுக்காதையும், தேசிக்காய்ப் புளியும் தேனும் காணும். எனக்குக் கதைக்க வராது, உமக்குத் தெரியும்தானே. ஒண்டு பாடிவிடுறன்." பிறகு ஒரு தேவாரம். அதற்குப் பிறகு உனக்கு இரண்டு வார்த்தை. "கண்ணன், கண்ணன், அப்பா கெதியா வாறன். அம்மாவைப் பாத்துக்கொள்." அவ்வளவுதான் அந்தக் கசெற். உன் பெயர் வரும் இடத்தில் குரல் ஒரேயடியாக மேலே ஏறி, குருவி கத்துவது போல ஒரு சத்தமாகி, அறுந்து, திரும்ப வரும். உனக்கு அந்த இடம்தான் விருப்பம். வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் போட்டுக் காட்டிச் சிரிப்பாய். எனக்கோ அந்த இடத்தில்தான் ஆத்திரம். அப்பா யாரோ ஒரு சோம்பேறி ஆஸ்பத்திரி அற்றெண்டனைப் பெடல் சுற்ற விட்டிருக்கிறார், அவன் மற்ற நேரமெல்லாம் ஏதோ சுற்றிவிட்டு என் பிள்ளையின் பெயர் வரும்போது பார்த்துக் கைவிட்டிருக்கிறான் என்று முகம் தெரியாத அந்த மனிதனைத் திட்டாத நாள் இல்லை.

ஒருநாள் பின்னேரம் கரண்ட் போயிற்று. நீ கீழ்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாய். இருட்டில் சும்மா இருக்க முடியாமல் ரேடியோவில் கிடந்த பழைய பற்றறியிலேயே கசெற்றைப் போட்டேன். பற்றறி சாகிற நிலை. கசெற் இழுத்து இழுத்து ஓடியது. ஓட ஓட அந்தக் கிளிக்குரல் கீழே இறங்கிக்கொண்டே வந்தது. "ஒண்டு பாடிவிடுறன்" என்ற இடத்தில், கண்ணன், அது அவர். அப்படியே அவர். மருந்து கலக்கும்போது வாய்க்குள் பாடுகிற அந்தக் குரல், நெஞ்சில் தலை வைத்தால் காதுக்குள் அதிர்கிற அந்தக் குரல், வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அந்தச் சின்ன அனெக்ஸுக்குள் பாடியது. கடற்கரைத் தண்டவாளத்தில் ரயில் போனது, ரயிலுக்கு மேலாலும் கேட்டது. தேவாரம் முடிய முன் பற்றறி செத்துவிட்டது. நான் ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். பிறகு நீ வந்து "பசிக்குது" என்றாய், எழுந்து பாண் வெட்டினேன்.

நான் ஏன் பழைய பற்றறிகளைப் பிஸ்கட் ரின்னில் சேர்த்து வைத்தேன் என்று இப்போது விளங்கியிருக்கும். "அம்மாட பற்றறி ஆஸ்பத்திரி" என்று பகிடி பண்ணுவாய். புதுப் பற்றறி உதவாது, முற்றாகச் செத்ததும் உதவாது. அரைகுறை உயிரோடு இருக்க வேண்டும். வெயிலில் காயவைத்து, கொஞ்சம் ஓடவிட்டு, அவர் வருகிற பதம் பார்ப்பேன். ஒருமுறை நீ வீட்டைத் துப்புரவாக்குகிறேன் என்று ரின்னோடு குப்பையில் கொட்டிவிட்டாய். நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்காரம்மாவே மேலே ஏறி வந்துவிட்டா. செத்த பற்றறிக்கு இவ்வளவு கூத்தா என்று நீ முழித்தாய். உனக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நீ சிரித்துச் சந்தோஷப்பட்ட அப்பா ஒருவர் இருந்தார், எனக்கு வேறொருவர் இருந்தார். உன்னுடையவரைப் பறிப்பானேன் என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் பொறாமையும் இருந்தது, என்னுடையவரைப் பங்கு போட விருப்பமில்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. ஊருக்கெல்லாம் காய்ச்சல் மருந்து கொடுத்த மனிதன் காய்ச்சலில் போனார். நமக்குத் தகவல் வந்து சேர்ந்தபோது அங்கே முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்திருந்தது. ஒரு வருஷத்துக்கு நான் அந்தக் கசெற்றைத் தொடவில்லை. தொட்டபோது பயந்து பயந்துதான் தொட்டேன், இழை அறுந்தால் என்ன செய்வது என்று. நீ வெளிநாடு போகும்போது மூலக் கசெற்றையே உன் கையில் தந்தேன். இங்கே வீட்டுக்கு வீடு சோதனை, எது எப்போது யார் கையில் போகும் என்று தெரியாது. உன்னோடு அது பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். நீயும் போனாய், அவரும் போனார். வீட்டில் ரயில் சத்தம் மட்டும் மிச்சம்.

போனில் நீ சொன்ன இன்னொன்றும் என்னைக் குடைந்தது. உன் சினேகிதன் "எல்லா இடமும் ஓரளவு ஒரே மாதிரி ஏறியிருக்கு, உன்ர பேர் வாற இடம் மட்டும்தான் மோசம், அதை முதலில சரிக்கட்டுவம்" என்றானாமே. அந்த அற்றெண்டன் மேல் எனக்குப் பழைய கோபம் திரும்பிவிட்டது. அவன் யார் என்றாவது அறிவோம் என்று திங்கட்கிழமை கிருலப்பனைக்குப் போனேன். புவனேஸ்வரி மிஸ்ஸி இப்போது அங்கே மகளோடு இருக்கிறா. முழங்கால் ஏலாது, ஞாபகம் மட்டும் அப்படியே இருக்கிறது.

"மிஸ்ஸி, அண்டைக்குப் பெடல் சுத்தினது ஆர்?" என்று கேட்டேன்.

"வேற ஆர், அவர்தான்."

"ஆர் அவர்?"

"உங்கட மனுசன்தான் பிள்ளை. அற்றெண்டன் சுத்தித் தாறன் எண்டு வந்தவன். அவர் விடேல்லை. நான் என்ர மனுசியோட கதைக்கப் போறன், நீ போ எண்டு கலைச்சுப்போட்டு மருந்து அறைக் கதவைச் சாத்தினவர். ஒரு கையால பெடல், மற்றக் கையில ரேடியோ. நாங்கள் ரெண்டு மூண்டு பேர் ஜன்னலுக்குள்ளால எட்டிப் பாத்தனாங்கள். பாடேக்க நல்லாத் தாளத்துக்குச் சுத்தினவர். பிள்ளையின்ர பேரைச் சொன்னார், கை நிண்டிட்டுது. அப்பிடியே சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டார். பேந்து முகத்தைத் தோளில துடைச்சுப்போட்டுத் திரும்பச் சுத்தினார்."

"இவ்வளவு காலமும் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"ஒளிச்சிருந்து பாத்ததை எப்பிடியம்மா சொல்லுறது? நீங்களும் கேக்கேல்லைத்தானே" என்றா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏற மனமில்லாமல் நடந்தே வந்தேன். இத்தனை வருஷமும் நான் யாரைத் திட்டினேன் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எதிரே வந்த ஒரு சிங்கள நோனா "மொகத அக்கே?" என்று நின்று கேட்டா, என்ன அக்கா என்று. ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சரி, உன் கேள்விக்குப் பதில். குரலின் தடிப்பைக் கடிதத்தில் எப்படி எழுதுவது என்று நானும் மண்டையை உடைத்தேன். சாகிற பற்றறி ஒன்றைத் தபாலில் அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். பிறகுதான் போன மாதம் நடந்தது நினைவுக்கு வந்தது. நீ அங்கே விடிய எழும்பி, இன்னும் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல், எனக்கு எடுத்தாயே. இங்கே பின்னேரம். நான் போனைத் தூக்க, நீ "ஹலோ" என்றாய். நான் சற்று நேரம் பேசவில்லை. நீ லைன் சரியில்லை என்று நினைத்துக் கத்தினாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. அப்பாவைக் கூப்பிடுவது போல "இஞ்சாருங்கோ" என்று வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டிருந்தேன். ஆகவே இப்படிச் செய். ஒருநாள் நித்திரைப் பாயால் எழுந்த உடனே, யாரோடும் கதைக்க முன், அந்தத் தேவாரத்தின் முதல் வரியை நீ பாடு. வெட்கப்படாதே, அந்தப் பிள்ளை கேட்டால் கேட்கட்டும். சினேகிதனைக் கொண்டு அதைப் பதிந்து வை. பிறகு அப்பாவின் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கு. எந்த இடத்தில் அது உன் குரலோடு ஒட்டி, பாடுவது ஒருவரா இருவரா என்று உனக்கே சந்தேகம் வருகிறதோ, அதுதான் உன் அப்பா. அங்கே நிறுத்து.

மூச்சைத் துடைக்க வேண்டாம் என்று உன் சினேகிதனிடம் சொல். சைக்கிள் சங்கிலி கிர் கிர் என்று பின்னால் கேட்கும், அதையும் விட்டுவிடு. என்னுடைய குரலையும் பதிந்து அனுப்பச் சொன்னாய். அனுப்புகிறேன், ரயில் வருகிற நேரம் பார்த்துப் பதிந்து அனுப்புகிறேன், நீ எங்கே வளர்ந்தாய் என்று அவர்களுக்கும் கேட்கட்டும். மற்றதையெல்லாம் உன் விருப்பப்படி செய், ஆனால் மண்டபத்தில் என்னுடையதை முதலில் போடு, அப்பாவை எனக்குப் பிறகு வர விடு. எனக்குப் பிறகு வருவதாகத்தானே அவர் சொன்னார்.

உன் பெயர் வரும் இடத்தை மட்டும் தொட வேண்டாம், கண்ணன். அது கீச்சென்றே இருக்கட்டும். மண்டபத்தில் சனம் சிரிக்கும், சின்ன வயதில் நீ சிரித்தது போல. சிரித்தால் சிரிக்கட்டும். ஏன் அப்படி இருக்கிறது என்று உன் மனைவி கேட்டால் அவளுக்கு மட்டும் சொல், அந்த இடத்தில் அப்பாவின் கை பெடலைச் சுற்ற மறந்துவிட்டது என்று.

அம்மா